உள்வரும் அழைப்பு

லெட்சுமாங்குடி பாலத்து இறக்கத்தில்
ஷமீலா பானுவின் ரீசார்ஜ் கடை.
பன்னிரண்டு நாள் ஈப்போ போகிறேன் என்றதும்
நாள்காட்டித் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டாள்.
தை பதினொன்று. முன்பக்கம் ராகுகாலம்,
பின்பக்கம் என் செலவு.

"மூணு வழி இருக்கு அரசியக்கா."

இங்கேயே ரோமிங் போட்டுப் போவது ஒன்று.
பத்து நாளுக்கு மூவாயிரத்துச் சொச்சம்.
மீதி இரண்டு நாள்?
"அதுக்குத் தனியாக் கட்டணும். இல்லன்னா ஊமை."

இறங்கிய இடத்தில் அந்த ஊர் சிம் வாங்குவது இன்னொன்று.
முப்பது வெள்ளிக்கு நெட் கொட்டுமாம்.
நம் நம்பர் பர்சுக்குள் தூங்கும்.
தூங்கினால் பேங்க் ஓடிபி வராது,
டீசல் பாக்கி அனுப்ப முடியாது.

மூன்றாவதுதான் அவள் கெட்டிக்காரத்தனம்:
அவர்கள் சிம் நெட்டுக்கு, நம் சிம் ஓடிபிக்கு,
இரண்டும் ஒரே போனில்.
டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும்.
மெசேஜ் வந்தால் காசில்லை.
"கால் வந்தா மட்டும் எடுக்காதீங்க.
நிமிஷம் எழுவத்தஞ்சு ரூவா. அடிக்க விட்டுடணும்."

அடிக்க விட்டுடணும்.
தை மாசத்தில், என்னிடம் சொல்கிறாள்!
பெல்ட் வண்டி ஒன்று டயர் வண்டி ஒன்று
அறுவடைக்கு விடுகிறவளிடம்.

ரோமிங்கில் நாளுக்கு இத்தனை ஜிபி,
தீர்ந்தால் நூல்போல வரும் என்றாள்.
முறைத்தண்ணீர்தானே, எனக்குப் புதுசா?
கடைமடைக்காரி நான்,
வருகிற அன்றைக்குப் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் நிமிஷம் எழுபத்தைந்து என்ற பிறகு
யார் யார் கூப்பிடுவார்கள் என்று
மனசு தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது.

டிரைவர் சடையப்பன்: பிளேடு உடைந்தது என்பான்,
அது அரை நிமிஷம், பிறகு இருபது நிமிஷம்
உடைந்ததற்கு அவன் காரணமில்லை என்பது.
வாட்ஸ்அப்பில் பேசட்டும்.
ஓகைப்பேரையூர் மிராசு, ஈரப்பதம் பதினேழா பத்தொன்பதா என்று
என்னிடம் கேட்கிறவர்.
அடிக்கட்டும்.
சீட்டுக்காரி பத்மாசனி, அடிக்கட்டும், இன்னும் நல்லது.
மகனோ அங்கேதான் கிடக்கிறான்,
மாவுக்கட்டுக் காலோடு, நான் போய்ச் சேர.

கொரடாச்சேரி என்று ஒரு நம்பர்.
பெயர் போடவில்லை, ஊர்தான்.
அப்பா பேரிலிருந்த மோட்டார் கனெக்‌ஷனை
நான் என் பேருக்கு மாற்றிய நாளிலிருந்து
நாலு வருஷமாக என் தங்கை அந்த ஊர்.
கூப்பிட்டதில்லை. கூப்பிட மாட்டாள்.
அதற்கு எத்தனை நிமிஷம் ஒதுக்குவது?

"மூணாவதுதானே? போட்டுரவா?"

"இல்ல, ரோமிங்கே போடு. நூறு நிமிஷம் உள்வர்றது.
கடைசி ரெண்டு நாளுக்கும் சேத்து."

நிமிர்ந்து பார்த்தாள்.
மூவாயிரம் ரூபாய் தண்டம்க்கா,
ஒரு மணி நேர மெஷின் வாடகைக்கு மேல.
மெஷினுக்காகத்தான் என்றேன்.

ஈப்போவில் தினமும் மழை.
சடையப்பன் முப்பத்தெட்டு நிமிஷம் தின்றான்.
ஒரு பெண் குரல் தனிநபர் கடன் வேண்டுமா என்றது.
வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம்.
மகன் தூங்கியபின் போனை நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு
மீதியை எண்ணினேன்: அறுபத்தொன்று.
பன்னிரண்டாம் நாள் நள்ளிரவு
அது பூஜ்யமானது. எந்த மணியும் அடிக்காமல்.

திரும்பி வந்து சாக்லேட் கொடுக்கப் போனேன்.
ஷமீலா உறையைப் பிரித்தபடியே சொன்னாள்:

"யாரோ ஒரு அக்கா வந்தாங்க, கொரடாச்சேரின்னாங்க.
உங்க நம்பரக் காட்டி, இவங்க மலேசியா போயிருக்காங்களாம்,
இங்கேருந்து கூப்பிட்டா எனக்கு எவ்வளவு ஆவும்னாங்க.
உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா,
உள்ளூர் கால் மாதிரிதான்னு சொல்லிட்டேன்."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.
கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.