நிலவறை வால்வு

போஸ்னான் நகரத்தின் கடைசி ட்ராமைக்
கொட்டகையில் விட்டுவிட்டு
யாத்விகா வீடு சேரும்போது மணி இரண்டரை.
ஐந்து மாடிக் கட்டடத்தில்
ஒருத்தி மட்டும் விழித்திருக்கும் நேரம்.
பகலெல்லாம் வானொலியும் சண்டையும்
மூடிவைத்திருந்ததைச்
சுவர்கள் அப்போதுதான் வெளியே விடும்.

ட்ராம் சக்கரத்தில் ஓரிடம் தட்டையானால்
இரண்டு நிறுத்தம் முன்பே சொல்லிவிடும் காது.
கோட்டைக் கழற்றுவதுபோல்
அதைக் கழற்றி மாட்ட முடிவதில்லை.
குழாயை மூடியதும் சுவருக்குள் யாரோ
ஒற்றை அடி எடுத்துவைத்தால்
எங்கோ ஒரு பிடிப்பு தளர்ந்திருக்கிறது.
குடித்து முடித்த சிங்க்
கடைசியில் 'க்ளக்' என்றால்
தொண்டையில் கொழுப்பு.
செம்புக் குழாயின் மூட்டில் பச்சை பூப்பது
பார்க்க அழகு,
அதனாலேயே விட்டுவிடுகிறோம்.
பெயின்ட் கொப்புளிப்பது கடைசிக் கடிதம்.
பிரிக்காத பத்துக் கடிதங்கள் அதற்கு முன்பே வந்திருக்கும்.

மாதம் ஒரு ஞாயிறு
ஃப்ளஷ் தொட்டியில் பீட்ரூட் சாறு ஊற்றுவாள்,
சூப் வைத்த மிச்சம்.
கால் மணியில் கீழே கிண்ணம் சிவந்தால்
உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது.
ஒருமுறை விருந்துக்கு வந்த அண்ணி
அதைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனாள்.

கடிகாரத்தை முன்னே தள்ளும் நாளிலும்
பின்னே இழுக்கும் நாளிலும்
நிலவறைக்கு இறங்கிப்
பெரிய வால்வைக் கொஞ்சம் மூடித் திறப்பாள்.
நிர்வாகி குபாட்ஸ்கி சிரித்தார்:
"அது எங்கேம்மா ஓடிப்போகும்?"
"ஓடாது. அதுதான் பயம்."

ஒழுகுவது என்றால் நம் தமிழில்
நீருக்கும் நடத்தைக்கும் ஒரே சொல்.
அவளுக்கு இது தெரியாது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி,
இடதுகால் பூட்ஸைக் கழற்றியிருந்தாள்.
சாவித் துவாரத்தில் காற்று நுழைவதுபோல்
ஸ்ஸ்ஸ்.
எல்லாக் குழாயையும் இறுக்கினாள்.
மீட்டர் முன் மண்டியிட்டு டார்ச் அடித்தாள்.
கண்ணாடிக்குள் அந்தக் குட்டி நட்சத்திரம்
அசையவே இல்லை.
அப்படியானால் என் வீடு இல்லை.

தூங்கப் போயிருக்கலாம்.
அவளுக்கான தண்ணீர்
அந்த நட்சத்திரத்தோடு முடிகிறது.

காதும் காதும் வைத்தாற்போல்
சுவரும் அவளும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.
எதிர்வீடு.
கிங்காவும் டாமியனும் பனிச்சறுக்குக்குப் போய்
மூன்று நாள்.
சலவை இயந்திரத்தின் பின்னால்
ரப்பர் குழாய் பாம்பு எலி விழுங்கியதுபோல் வீங்கியிருந்ததை
நவம்பரிலேயே சொல்லியிருந்தாள்.
ஆமாம் ஆமாம் என்றாள் கிங்கா.
இப்போது வாசல் மிதியடி ஈரம்.

ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் கம்பளிக் காலுறை,
டக், தப், டக், தப் என்று மூன்று மாடி இறங்கினாள்.
உருளைக்கிழங்கு வாசம்.
யாருடையதோ காற்றுப் போன சைக்கிள்.
வால்வு
வெண்ணெய்போல் சுழன்றது என்று சொல்லமாட்டேன்.
முனகியது. ஆனால் சுழன்றது,
நான்கரைச் சுற்று.
கட்டடம் மூச்சை அடக்கிக்கொண்டது.

'எட்டாம் எண் வீட்டில் கசிவு' என்று
அவள் எழுதி ஒட்டிய காகிதம்
குளிரில் பசை பிடிக்காமல்
விடிவதற்குள் படிக்கட்டில் குப்புற விழுந்துவிட்டது.

ஆறு மணிக்கு
வாயில் பற்பசை நுரையோடு ஒருவர்.
காலிக் கெட்டிலோடு ஒருத்தி.
எட்டாம் எண்ணுக்கு நேர்கீழே
பியானோ ஆசிரியர் ஹென்ரிக்,
தலை நிறைய ஷாம்பூவோடு,
எந்த மடையன் தண்ணீரை நிறுத்தியது என்று
நான்கு பக்கமும் கேட்கக் கத்தினார்.
அவர் பியானோவுக்கு மேலே கூரையில்
ஒரு ஸ்லோட்டி நாணயம் அளவுக்கு ஈரம்.
அதற்குமேல் அது வளரவில்லை.
அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை.

காபி கிடைக்காத கோபத்தில் பியானோவை அடித்தார்.
சுவர் தாண்டி, தளம் தாண்டி,
பூட்ஸோடு படுத்திருந்தவளின்
அரைத்தூக்கத்தில் அது வந்து விழுந்தது.
இடது ஓரத்தில் ஒரு கட்டை
லேசாக இறங்கியிருக்கிறது.

எழுந்ததும் சொல்ல வேண்டும்.