அறுபத்தாறு மணி நேரம்

எழுபத்திரண்டு மணி நேரம் கேட்டது மருந்து.
புயல் அறுபத்தாறுதான் தந்தது.

ரெதுய், சனிக்கிழமை, காலை பத்து.
வானொலி மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை என்றதும்
எல்லோரும் போய்விட்டார்கள்.
வாக்வாவுக்கான கடைசிப் பேருந்தை
மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

கதவடியில் மணல்மூட்டையை உதைத்துத் தள்ளிக்கொண்டே
காவலாளி சூப்ராமணியென் கேட்டார்
(கிரியோலில் கேட்டார், நான் தமிழில் சொல்கிறேன்):
"உள்ளே என்ன, கைக்குழந்தையா தூங்குது?"

தொண்ணூற்றாறு குழி.
குழிக்கு ஐயாயிரம் செல்.
யாரோ ஒருத்தியின் மார்பிலிருந்து வந்தவை.
நான் பிறக்குமுன்பே அவள் போய்விட்டாள்.
அவளைக் கொன்றது மட்டும்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
இளஞ்சிவப்புத் திரவம் குடித்து
இன்னும் இரட்டித்துக்கொண்டிருக்கிறது.
செவ்வாய்தோறும் அதற்குச் சோறு மாற்றுகிறவள் நான்.
கொல்வதற்காகக் கொழுக்க வைப்பது
எங்கள் வீட்டில் கோழிக்கு மட்டும்தான்.

நாலு மணிக்கு மின்சாரம் இருக்குமென்று
யாராலும் சொல்ல முடியவில்லை.
முன்கூட்டியே ஊற்றினேன் மஞ்சளை.
உயிர் இருந்தால் மஞ்சள் ஊதாவாகும்.
இல்லையென்றால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.
அவ்வளவுதான் பரிசோதனை.
மற்றதெல்லாம் கைநடுக்கமில்லாமல் இருப்பது.

இரண்டு மணிக்குத் தட்டை வெளியே எடுத்தேன்.
மருந்து படாத குழிகள் கத்தரிப்பூ நிறம்.
அடுத்தடுத்து வெளிறி
ஆறாவதில் பாதி.
அதற்கப்புறம் ஊதாவே இல்லை.
மோக்கா மலையில் பறித்த இலை,
நாலாம் எண் சாறு.
எட்டு மாதத்தில் முதல்முறையாக
வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக.

பிறகுதான் கீழ் இரண்டு வரிசை.
நோயில்லாத மார்பின் செல்கள் அங்கே.
அவை ஊதாவாகியிருக்க வேண்டும்.

முதலில் விளக்கைக் குறை சொன்னேன்.
அப்புறம் என் கண்ணை.
கருவி எண்ணாகச் சொன்னது:
ஆறாவதில் பாதி, இங்கேயும்.

நாலாம் எண் சாறு
முகம் பார்த்துக் கொல்வதில்லை.

மூன்றேகாலுக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இன்குபேட்டருக்கு மட்டும்.
டார்ச்சோடு வந்த சூப்ராமணியென்
"வேலை செய்யுதா உங்க மருந்து?" என்றார்.
"கொல்லுது."
"அப்ப நல்லதுதானே."
கூரைத் தகடு ஒன்று கிழிந்து போகும் சத்தம்.
இரண்டு பேரும் மேலே பார்த்தோம்.

நோட்டில் எழுபத்திரண்டை அடித்து
அறுபத்தாறு என்று எழுதினேன்.
காரணம்: புயல்.
முடிவு என்ற இடத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.

டீசல் விடியும்வரை வருமாம்.
மருந்து தொடாத குடுவையைத் திறந்து
இருட்டில், சிந்தாமல்,
அவளைக் கொன்றதற்கு இரவுச் சாப்பாடு ஊற்றினேன்.
சாலை திறந்தால்
திங்கட்கிழமை ஐந்தாம் எண்.