மூன்றாம் தொட்டி

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது ஷிப்ட்.
நிக்கல் தொட்டியில் ஒரு குவளை மொள்கிறேன்.
ஏன் ஒன்று, ஐந்து எடுக்கக் கூடாதா என்கிறார் ஆடிட்டர்.
எடுக்கலாம், சார்.
கலக்கிவிட்ட ரசத்தில் ஐந்து கரண்டி அள்ளினாலும்
ஐந்திலும் அதே புளிப்பு.
இது நேரத்தோடுதான் மாறும்,
இடத்தோடு அல்ல.

ஆகவே ஷிப்டுக்கு ஒரே ஒரு பி.எச்.
4.02. 4.07. 3.99.
கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி,
முந்தைய புள்ளியிலிருந்து ஒரு கோடு.
அடியில் இன்னொரு படம்:
போன எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம்,
ஏறியதா இறங்கியதா என்று கேட்காத தூரம்.
முதல் புள்ளிக்குக் கீழே மட்டும் காலி.
அதற்கு முன் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜெபராஜ் அண்ணனுக்குச் சும்மா இருக்க வராது.
4.09 என்றால் அமிலக் கேன்,
3.98 என்றால் கார்பனேட் மூட்டை.
ஜுரமில்லாத பிள்ளைக்கு
நெற்றியைத் தொட்டுத் தொட்டு மாத்திரை.
அவர் கை பட்ட வாரங்களில் புள்ளிகள்
நாற்பத்தேழு ஜி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் கூட்டம்,
பிரேக் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்.
"ஒன்பது நாள், அண்ணே. கேனைத் தொடாதீங்க."
முறைத்தார்.
கையை பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இருபத்தைந்து புள்ளி சேர்ந்ததும்
தூரங்களின் சராசரி 0.05.
அதை 2.66-ஆல் பெருக்கி
நடுக்கோடு 4.03-க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று
சிவப்பில் இழுத்தேன்.
வாடிக்கையாளர் கேட்ட எல்லை அல்ல,
முதலாளி ஆசைப்பட்ட எல்லையும் அல்ல.
தொட்டி தானாக ஒப்புக்கொண்டது:
இவ்வளவு ஆடுவேன்,
இதற்குள் என்னை விடு.

மே மாதம்.
4.06. 4.08. 4.05. 4.09.
பிறகும் நான்கு, எல்லாம் நடுக்கோட்டுக்கு மேலே.
"உள்ளதானே இருக்கு" என்றார் அண்ணன்,
கொஞ்சம் பழிவாங்கலோடு.
உள்ளேதான்.
ஆனால் காசு சுண்டி எட்டு தடவையும் தலை விழுந்தால்
ஒன்பதாவதுக்கு முன்
காசைத் திருப்பிப் பார்க்க மாட்டேனா?

தெர்மாமீட்டர் சரி. மீட்டரும் சரி. புது மூட்டை பிரிக்கவில்லை.
வாசலில் டேங்கர், குழாய் சொட்டிக்கொண்டு.
மஸ்தான் டயரில் சாய்ந்து பீடி பற்ற வைத்தார்.
"பழைய கெணறு வத்திருச்சு மேடம்,
மூணு நாளா வேற எடம்.
தண்ணி தண்ணிதானே?"

ஆவியாகிப் போகும் அளவுக்குத்
தினமும் தொட்டியில் ஊற்றுவது அதைத்தான்.
பூச்சு உரிந்து ஒரு பெட்டி திரும்பி வரும் முன்பே
யாரும் சொல்லாத ஒரு கிணற்றின் உப்பு
என் தாளில் எட்டு புள்ளிக்கு நடந்திருந்தது.

தண்ணீரை மாற்றினோம். செலவுக்கு முதலாளி திட்டினார்.

இன்று 4.10.
அண்ணன் கேனைப் பார்த்தார்,
தாளைப் பார்த்தார்,
டீக்குப் போய்விட்டார்.