கட்டம் பெரிய காலண்டர்

அருமனை பர்னிச்சர் கடையில் கொடுத்த காலண்டருக்குக்
கட்டங்கள் பெரியவை.
ஒரு நாளுக்குள் ஐந்து குறி போட்டாலும்
தேதிக்கு மூச்சு முட்டாது.

வட்டம், சர்க்கரை மாத்திரை.
கோடு, குழுக் கடனுக்கென்று டப்பாவில் போட்ட நூறு ரூபாய்.
புள்ளி, வெட்டு முடிந்து வந்ததும்
கத்தியைத் தீட்டி எறவாணத்தில் செருகியது.
பெருக்கல் குறி, களியலில் இருக்கும் தங்கச்சி லீபாவிடம்
சண்டை போடாமல் பேசியது
(அது மாதத்தில் நாலைந்துதான் விழும்).
ஐந்தாவது என்னவென்று
அஜினுக்கும் சொல்லவில்லை.

ஷீட்டை ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று போட்டால்
பிறகு பிரிக்கவே முடியாது.
செல்வின் போன பிறகு நாட்கள் அப்படித்தான் கிடந்தன.
மாத்திரை தின்றேனா, தின்னவில்லையா,
தெரியாமல் இன்னொன்று தின்று
குலசேகரம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன்.
கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள் நர்ஸ்.
மரச்சீனியும் மீன்கறியும் என்றேன்.
எப்போது என்றாள் மறுபடியும்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே
காலண்டரை அடுக்களைக் கதவில் மாட்டி
பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

‘போன்ல ஆப் இருக்கும்மா’ என்றான் அஜின்.
‘தெனமும் செஞ்சா பூ பூக்கும்.
மறந்தா செடி வாடிப்போவும்.’
வாடுவதற்கு வெளியே ஒரு வாழைத்தோட்டமே நிக்குது,
போனுக்குள்ள வேற வேணுமா மக்களே?

ஆகஸ்டில் கள்ளக்குறி போட்டிருக்கிறேன்.
மூன்று நாளுக்கு, ஒரே இருப்பில்.
ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்,
தூரத்திலிருந்தே தெரிகிறது.
யாரைப் பற்றிக்க?
கணக்குப் பார்க்க வருவது
காலண்டருக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி மட்டும்.
அதற்கும் ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதிகாலை மூன்றரைக்கு
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினால்
முந்நூற்றுப் பத்து மரம்.
முந்தாநாள் கோட்டை ஒட்டிக் கீழே
நகத்தின் கனத்துக்கு இன்றைய கோடு.
சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கும்முன்
அடுத்த மரத்துக்குப் போயிருப்பேன்.
ஒரு மாதத்துக்குப் பெருவிரல் அகலம் இறங்கும் பட்டை.
பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.
காலண்டரில் குறி போடத் தனியாக யாரும்
எனக்குப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்டோபரில் பதினோரு நாள் விடாத மழை.
வெட்டில்லை, கூலியில்லை, டப்பாவில் நூறு இல்லை.
அந்தக் கட்டங்களில் ‘மழை’ என்று எழுதி வைத்தேன்.
கோட்டுக்கு அது பொருந்தும்.
புள்ளிக்கும் பொருந்தும்.
பதினேழாம் தேதி வட்டமும் இல்லை.
மாத்திரைக்கு என்ன மழை?
கரண்டில்லாத இருட்டில் பாயைவிட்டு எழும்பவில்லை,
அவ்வளவுதான் காரியம்.
எழுதிய ‘மழை’யை அடித்துவிட்டு
அதை அப்படியே விட்டேன்.

விட்டுப்போன வெட்டையெல்லாம் சேர்த்து
ஒரே நாளில் ஆழமாகக் கத்தியை வைத்தால்
மரம் அதிகமாய்த் தராது.
தடியில் பட்டு முண்டு கட்டும்,
பிறகு வருடக்கணக்கில் கத்தி அங்கே தட்டும்.
பதினெட்டாம் தேதி ஒரு மாத்திரை.
ஒன்றே ஒன்று.
வட்டம் கொஞ்சம் கோணல்.

இந்த வருடம் பர்னிச்சர் கடைக்காரன்
சோபா படத்தைப் பெரிதாக்கிக்
கட்டங்களைப் புளியங்கொட்டையாய்ச் சுருக்கிவிட்டான்.
மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்.
மேல்புறம் தாண்டும்போது
கை தானாகப் போனை எடுத்து
அந்த நம்பரில் வந்து நின்றது.
பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

நகைக்கடை, வங்கி, பெயிண்ட் கடை.
நாலாவதாக ஒரு மருந்துக்கடையில்
‘கட்டம் பெரிசா உள்ளது இருக்கா?’ என்றேன்.
‘சும்மா குடுக்கதுல இதெல்லாம் பாப்பீயளா அக்கா,
என்னத்துக்கு பெரிசு?’

‘அதுலதானே இருக்கணும்.’

அவன் சிரித்துக்கொண்டே
ஒன்றைச் சுருட்டி ரப்பர்பேண்ட் போட்டான்.
வீடு வரும்வரை அவிழ்க்கவில்லை.
பழைய காலண்டரில் இன்னும் மூன்று நாள் பாக்கி.
இன்றைக்கு ஐந்தாவது குறியும் உண்டு.