எண் பதினொன்று

மேசைக்குச் சுவர் கிடையாது.
ஐந்தரை அடிக்கு ஐந்தரை அடி கண்ணாடிப் பலகை,
மேலே நாலு சின்னப் பெட்டி, ஓர் எலி.
கோரிமேட்டில் ஏசி போட்ட அறை.
அடுத்த அறையில் திரைமுன் நான்,
கட்டை விரலுக்கடியில் எண்ணும் கருவி.

மருந்துக்குப் பெயர் குயின்பிரோல்.
‘டோபமினுக்கென்று மூளையில் பூட்டு இருக்கு அக்கா,
இது டூப்ளிகேட் சாவி’ என்றாள் நூருன்னிசா,
பரங்கிப்பேட்டைப் பெண், ஆராய்ச்சி மூன்றாம் வருடம்.
‘வீட்டுக்காரர் வந்துட்டார்னு
உள்ளே எல்லா விளக்கும் எரியும்.’

வாரம் இரண்டு ஊசி. ஐந்து வாரம்.
எட்டாவது ஊசிக்குள் எலி
ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்.
போகும், நாலு எட்டில் நிற்கும்,
எதையோ விட்டுவந்ததுபோல் திரும்பி ஓடும்,
முகரும், போகும்.

பாதி எலிக்கு மருந்து.
பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர்.
எதற்கு எதுவென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்,
தெரிந்தால் கண் பொய் சொல்லுமாம்.

சொல்லாமலே தெரிந்தது, பதினொன்று.
மூன்று சுருண்டு தூங்கிற்று.
ஏழு மீசை கழுவிக்கொண்டே இருந்தது.
பதினொன்று மட்டும் தென்கிழக்குப் பெட்டிக்கு
ஐம்பத்தைந்து நிமிடத்தில்
எழுபத்திரண்டு தடவை.
பாவமே, யார் வெட்டிய சாவியோ
உன் தலைக்குள் என்று
திரையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

தேவனாம்பட்டினத்தில் காலை ஆறரைக்குப்
பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.
ரேஷன் கடைவரை வந்து, திரும்பிப் போய்,
இன்னொரு தரம் இழுப்பேன்.
‘உள்ளே என்னடி இருக்கு திருட’ என்பார் கலியமூர்த்தி
வலையிலிருந்து தலை தூக்காமல்.
பாண்டி பஸ் ஒன்று போய்விடும்.
முள்ளோடை தாண்டும்போது
சாவி பையில் இருக்கிறதா என்று தடவுவேன்.
இருக்கும். எப்போதும் இருக்கும்.

வியாழக்கிழமை உறையைப் பிரித்தார்கள்.
மூன்றுக்கு உப்புத்தண்ணீர். ஏழுக்கு மருந்து.
பதினொன்றுக்கு
உப்புத்தண்ணீர்.

நூருன்னிசா பட்டியலை மறுபடி பார்த்தாள்.
குப்பி எண்ணைப் பார்த்தாள்,
பட்டியலுக்கு வந்தாள், குப்பிக்குப் போனாள்.
பேராசிரியர் அந்த எண்ணின் தலையில்
பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டார்.
‘எப்பவும் ஒண்ணு இப்படி வரும்.
கீழே குறிப்பு எழுதிடு.’
எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

பத்து ஊசி. பத்தும் உப்புத்தண்ணீர்.
அது ஒன்றும் செய்யாது என்று
எழுதிவைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒருதரம் வந்தது,
ஞாயிறு காலை, எட்டே முக்கால் இருக்கும்,
தொட்டில் கட்டிய உத்தரம்வரை.
கதவைத் திறந்து வைத்துவிட்டு
மாவு அரைக்கப் போயிருந்தேன்.

கூண்டறையில் யாரும் இல்லை.
பதினொன்றின் தண்ணீர்ப் புட்டியை நிரப்பினேன்.
மரத்தூளை மாற்றினேன்.
அது என் விரலை ஒருமுறை முகர்ந்து,
போய், திரும்பி வந்து முகர்ந்தது.
கூண்டுக் கொக்கியை மாட்டினேன்.
விளக்கை அணைத்தேன்.
வாசல்வரை நடந்தேன்.