நிலைப்படி

ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன்.
தட்டக்கூட இல்லை, தொட்டேன்.
பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது.
அதற்குள் பட்டி, பட்டிக்குள் கசக்கித் திணித்த தினத்தாள்,
அதற்கும் உள்ளே வேளச்சேரி ஏரி:
காய்ந்த வண்டல், ஒரு நத்தை ஓடு,
யார் வீட்டிலிருந்தோ மிதந்து வந்த
பச்சை ஷாம்பு மூடி.
வெள்ளம் வடிந்துவிட்டது என்று சொன்னார்களே,
எங்கள் ஜென் காரின் கதவடியில் அது
வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது.
வீட்டு நிலைப்படியை மிதிக்க மாட்டோம்.
இதை ஏறும்போதெல்லாம் மிதித்தோம்.

டிங்கர் பதினெட்டாயிரம் சொன்னார்.
"இல்லன்னா பட்டி பாத்து அடிச்சுடறேன் மேடம்,
எஃப்.சி.ல ஒருத்தரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க."

குனிந்து பார்ப்பதுதான் என் வேலை.
ஒரகடத்தில், பகல் ஷிஃப்டில்,
ரோபோ வைக்கிற பற்றுகளை எண்ணுகிறேன்.
ஒன்று விட்டுப்போனாலும் சிவப்புச் சீட்டு.
எண்ணத் தெரிந்தவளுக்கு வைக்கத் தெரியாதா
என்கிற திமிரில்
புதுப்பேட்டையில் பழைய மிக் மெஷின் ஒன்று,
பதினெட்டு கேஜ் தகடு, ஒரு சிலிண்டர் கேஸ்.

தணிகைவேல் பேட்டரியைக் கழற்றினான்.
கார்ப்பெட்டைச் சுருட்டினான்.
முன் சீட்டை ஹாலில் போட்டு
அதில் சாய்ந்தபடியே இட்லி தின்றான்.
ஈரச் சாக்கோடும் ஒரு வாளி மணலோடும்
பக்கத்தில் நிற்பது அவன் பொறுப்பு.

முதல் தவறு என்னுடையது.
கதவு வாயில் குறுக்குக் குழாய் வைக்காமல்
இடது பக்கத்தை அறுத்தேன்.
எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது.
புதுத் தகட்டைப் பற்றவைத்து, ஆறவிட்டு,
கதவைச் சாத்தினால்
சாத்தவில்லை.
ஒரு விரல் அகலம், அவ்வளவுதான்.
அடியை எடுத்த வண்டி
தன் கனத்திலேயே வாய் பிளந்திருக்கிறது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அதைத்தான் இரண்டு நாள் நான் மன்னிக்கவில்லை.

மறுபடி அறுத்தேன்.
இந்த முறை கதவு வாய்க்குள் பெருக்கல் குறியாக
இரண்டு குழாய்கள். இடைவெளி சரியா என்று
மூன்று ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கி
விளிம்பெல்லாம் ஓட்டிப் பார்த்தோம்.
இங்கே ஒரு பொட்டு,
ஒரு சாண் தள்ளி இன்னொன்று,
அது ஆறுவதற்குள் மறுகோடிக்கு.
ஒரே இடத்தில் நின்றுவிட்டால்
மெல்லிய தகடு உருகிக் கண் திறந்துவிடும்.
சரியாகப் பிடித்தால் வாணலியில்
நெத்திலி விழுகிற சத்தம்.
ஏழு மணிக்கு மேலே ஏ.சி.க்கள் எல்லாம் ஓடும்,
வோல்டேஜ் இறங்கும்,
நெத்திலி போய் வெறும் துப்பல்.
அதோடு அன்றைக்கு முடித்துக்கொள்வேன்.

மூன்றாம் மாடி சுலோசனாவின் டி.வி. சிமிட்டுகிறதாம்.
அசோசியேஷன் செயலாளர் கருணாமூர்த்தி
படிக்கட்டில் நின்று, விரலிடுக்கில் பார்த்தபடி,
"பார்க்கிங்ல இதெல்லாம் கூடாதும்மா" என்றார்.
"பாக்காதீங்க சார்."
"நான் ரூல்ஸைச் சொன்னேன்."
"நான் கண்ணைச் சொன்னேன்."

ஐந்தாவது ஞாயிறு எண்ணினேன்: நாற்பத்து மூன்று.
அவன் எண்ணினான்: நாற்பத்திரண்டு.
என் தொழில் இது என்றேன்.
டார்ச் அடித்துக் காட்டினான்.
நடுத்தூணின் அடியில்
ஒரு துளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.
சிவப்புச் சீட்டு இல்லை.
மகளின் சாக்பீஸால் அதைச் சுற்றி வட்டம் போட்டான்.

குழாய்களை அறுத்தெடுத்தபோது
இருவரும் மூச்சு விடவில்லை.
ஒரு விரலால் தள்ளினேன்.
டக்.

ஜிங்க் பிரைமர் அடித்து, உள்ளே மெழுகு பீய்ச்சி,
தகட்டின் அடியில் ஐந்து துளைகளைத் திறந்துவிட்டேன்.
பழைய பட்டி அடைத்திருந்தது இவற்றைத்தான்.
"மூடிட்டா தண்ணி உள்ள வராதே" என்றான்.
வரும்.
வந்தது போகட்டும் என்றுதான் இது.

டிசம்பருக்கு இன்னும் ஏழு வாரம்.
வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார்.
மெயின் கேட்டின் கீல் விட்டுப்போயிற்றாம்,
கேட்டுவரச் சொல்லிச் செயலாளர்
அனுப்பியிருக்கிறார்.