முப்பத்தொன்று

டான்டினாங் ஸ்டேஷனுக்கு எதிரே
மருந்துக்கடையின் மேல்மாடி.
ஹீட்டர் இருமிக்கொண்டே சூடாகும் அறை.
காளான் பண்ணையின் ஈரச் சப்பாத்தோடு
தயாபரன் வாசலிலேயே நிற்கிறார்,
கார்பெட் அழுக்காகிவிடுமாம்.

இருபது கேள்விகள்.
போன மாதத்தில் எவ்வளவு வருத்தியது,
பூச்சியத்திலிருந்து நான்குவரை ஒரு எண் சொல்லுங்கள்.

"கெட்ட கனவு?"
"இல்லைப் பிள்ளை. விடிய மூண்டு மணிக்கு வேலை.
படுத்தால் நித்திரைதான்."
"திடுக்கிடுறது?"
"முந்தி. இப்ப பின்னால லொறி வந்தாலும்
திரும்பிப் பாக்கிறேல்லை."
"அப்ப என்னதான் செய்யுது?"
"யோசனை."

யோசனைக்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை.
பழைய தமிழில் அது ஒரு தூரத்தின் பெயரும்.
பதினோரு வருடமாக ஒரு விசாக் கடிதம்
நடந்து வருகிற தூரம் என்று
வைத்துக்கொள்ளலாம்.
இல்லை, வைத்துக்கொள்ளக் கூடாது.
அது என் உவமை.
அவர் சொன்னது ஒரு சொல் மட்டும்.

கூட்டினேன். முப்பத்தொன்று.
கோடு முப்பத்துமூன்றில் கிடக்கிறது.

வக்கீல் ப்ரோன்வின் நல்லவள்,
காசு வாங்காமல் நாற்பது கோப்பு சுமப்பவள்.
இரண்டு புள்ளிதானே என்கிறாள் போனில்.
அன்றைக்குக் களைத்திருப்பார்,
இன்னொருதரம் கேட்டுப் பாரேன்.
அப்புறம், இருக்கலாம் என்று நீ எழுதுமிடமெல்லாம்
இருக்கிறது என்று எழுது.

இரண்டு புள்ளி.
'லாம்' என்று இரண்டு எழுத்து.
அரிச்சுவடியில் புள்ளி வைத்தால் மெய்.
இந்தத் தாளில் வைத்தால் பொய்.

எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர்
வைத்தார், இரக்கத்தால், ஒரேயொரு தரம்.
எதிர்த்தரப்பு கண்டுபிடித்தது.
அதன் பிறகு அவர் கையெழுத்திட்ட எட்டுப் பேரை
மறுபடி வரிசையில் நிறுத்திக் கூட்டிப் பார்த்தார்கள்.
எட்டுப் பேரும் உண்மை சொன்னவர்கள்.

ஆனால் அந்தக் கோடு மட்டும்
கல்லில் வெட்டியதா?
வேறு போரிலிருந்து திரும்பியவர்களை
வேறு மொழியில் கேட்டுக் கீறியது.
இவர் காலுக்கு அந்தச் சப்பாத்து
எவ்வளவு பொருந்தும்?
தெரியாது.
இரவு பதினொன்றரைக்குத்தான் உறைத்தது,
தெரியாது என்பதையும் எழுதலாம் என்று.

முப்பத்தொன்று என்றே எழுதினேன்.
அதன் கீழே இரண்டு பக்கம்:
கோடு எங்கே கீறப்பட்டது, யாரை வைத்து.
முடிவில்லாத காத்திருப்பு
மனிதரை என்ன செய்கிறது என்று
ஆய்வுகள் இதுவரை சொல்வது, சொல்லாதது.
எனக்கு எதில் எவ்வளவு நிச்சயம்.
யோசனை என்ற சொல்லை
மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு,
அதற்கு ஒரு முழுப் பந்தி.

ப்ரோன்வின் பெருமூச்சு விட்டாள்.
பிறகு, அனுப்பு, இதை வைத்து வாதாடிப் பார்க்கிறேன் என்றாள்.
அவருக்கு வாசித்துக் காட்டாமல் முடியாது என்றேன்.

செவ்வாய்க்கிழமை, தமிழில், வரி வரியாக.
"முப்பத்தொண்டு பாஸோ, பெயிலோ?"
"இது சோதினை இல்லை அண்ணை."
"கூட்டிப் போட்டிருக்கலாமே" என்று அவர் கேட்கவில்லை.
கேட்பார் என்று பயந்து
மூன்று பதில் வைத்திருந்தேன்.
"யோசனை எண்டு போட்டிருக்கிறியளோ?"
"ஓம்."
கொஞ்சநேரம் ஹீட்டர் மட்டும் இருமியது.
"அனுப்பட்டுமோ?"
"அனுப்பலாம்."

அதே லாம்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
போகும்போது மேசையில் ஒரு பை வைத்தார்.
வாங்கக் கூடாது அண்ணை, விதி என்றேன்.
"அப்ப விதியோட சேத்துக் கறி வையுங்கோ"
என்றபடி படியிறங்கிவிட்டார்.

வரவேற்பறையில் பிரித்துக் கொடுத்துவிட்டு
கோப்பில் குறித்தேன்:
அன்பளிப்பு. காளான்.
அரைக் கிலோ இருக்கலாம்.
நிறுக்கவில்லை.